இன்ஜின் மாற்ற இரண்டு ஞாயிறு போதும்

எனக்கு வேகமாகக் கார் ஓட்டப் பிடிக்கும். வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். வெறும் வயிற்றோடு வந்து காத்திருப்பவர்களுக்கு ஏழரைக்குள் ரத்தம் எடுத்தாக வேண்டும் என்பதால் காலை ஆறரைக்கே கிளம்பிவிடுவேன். அந்த நாற்பது கிலோமீட்டர் நெடுஞ்சாலைதான் ஒரு நாளில் யாரும் என்னை எதுவும் கேட்காத நேரம். என் கார் பழைய செடான்தான். ஆனால் சாதாரண மாடலைக் கொஞ்சம் முறுக்கேற்றிக் கம்பெனியே விட்ட ரகம். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டிச் சலித்த வண்டி. எனக்குச் சலிக்கவில்லை.

ஒரு நாள் காலை கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் பானட்டுக்குள் சடக்கென்று ஒரு சத்தம். அதோடு இன்ஜின் அடங்கிவிட்டது. டைமிங் பெல்ட் அறுந்திருந்தது. அது அறுந்தால் உள்ளே வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடுமாம். சர்வீஸ் சென்டரில் எண்பத்திரண்டாயிரம் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அதைக் கணவர் தலையில் கட்டப் பார்க்க மாட்டேன், முழுக்க என் யோசனைதான். என் காரைச் செய்த அதே கம்பெனியின் பெரிய மாடல் ஒன்றில் டர்போ இன்ஜின் வரும். ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி. அதைப் பழசாக வாங்கி நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று இணையத்தில் வீடியோ வீடியோவாகப் போட்டிருந்தார்கள். எல்லா வீடியோவிலும் இருபது நிமிடத்தில் வேலை முடிந்து இன்ஜின் உறுமியது.

என் கணவர் போர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். இரும்பு முக்காலியும் செயின் கப்பியும் அவரிடமே உண்டு. இருநூறு அடி ஆழத்திலிருந்து மோட்டாரைத் தூக்குகிறவருக்குப் பானட்டுக்குள்ளிருந்து ஒரு இன்ஜினைத் தூக்குவதா பெரிய காரியம்?

"ரெண்டு ஞாயித்துக்கெழம போதுங்க. எறக்க ஒண்ணு, ஏத்த ஒண்ணு" என்றேன்.

அவர் இரண்டு வீடியோவைப் பார்த்துவிட்டு, "மோட்டார்னா மோட்டார்தானே, பாத்துக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரைப் பிறகு எத்தனை முறை சீண்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

புதுச்சேரி போகும் வழியில் ஒரு பழைய வண்டிக் கடையில் இன்ஜின் கிடைத்தது. நாற்பத்தைந்தாயிரம். அதன் வயரிங், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் சேர்த்து. கடைக்காரர் டார்ச் அடித்துக் காட்டினார்.

"இன்சூரன்ஸ்ல டோட்டல் லாஸ் ஆன வண்டி மேடம். ஆக்சிடெண்ட்டு. அடி பின்னாடிதான், முன்னாடி ஒரு கீறல் கெடயாது. ஜல்தியா சொல்லுங்க, இன்னொரு பார்ட்டி கேட்டுக்கினு இருக்காங்க."

எண்பத்திரண்டாயிரத்துக்குப் பழைய சக்தியா, நாற்பத்தைந்தாயிரத்துக்கு இரண்டு மடங்கா என்றுதான் என் மனம் போட்டுப் பார்த்தது. வாங்கிவிட்டோம்.

முதல் ஞாயிறு பழைய இன்ஜினை இறக்கினோம். சொன்னபடி நடந்த ஒரே ஞாயிறு அதுதான். இரண்டாம் ஞாயிறு புது இன்ஜினைத் தொங்கவிட்டுப் பார்த்தால், அது உட்கார வேண்டிய இடத்தில் உட்காரவில்லை. தாங்கிப் பிடிக்கும் மவுண்டுகள் வேறு இடத்தில் இருந்தன. லேத்தில் கொடுத்துப் புதிதாகச் செய்தோம். உட்கார்ந்ததும் பானட் இரண்டு விரல்கடை மூடவில்லை. மவுண்டை அறுத்துத் தாழ்த்தினோம். தாழ்த்தியதும் சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் நீளம் ஒத்துவரவில்லை. புதுச்சேரி லேத்துக்கு இரண்டு தடவை பஸ்ஸில் ஆக்ஸிலைத் தூக்கிக்கொண்டு போனேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் போட்டார். ரேடியேட்டர் போதவில்லை, பெரியது வாங்கினோம். வாங்கியது முன் பம்பருக்குள் நுழையவில்லை. வடித்த ஆயில் பால் கலந்த டீ மாதிரி வந்ததைப் பார்த்து, ஹெட் கேஸ்கெட் போய் உள்ளே தண்ணீர் கலந்திருக்கும் என்று அதையும் மாற்றினார் கணவர். வயரிங்கில் சாக்கெட் சாக்கெட்டாக நுண்ணிய மண் அடைந்திருந்தது. சேமியா மாதிரிச் சிக்கிய அந்தக் கம்பிகளை வீட்டு ஹாலில் விரித்துவைத்து மூன்று வாரம் ஊசியால் குத்திச் சுத்தம் செய்தோம். கடைசியில் பார்த்தால், பழைய வண்டியின் சாவி இல்லாமல் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி இன்ஜினை ஓடவிடாது என்று தெரிந்தது. சென்னைக்கு அனுப்பி அந்தப் பூட்டை நீக்கப் பதினெட்டாயிரம்.

இரண்டு ஞாயிறு எட்டு மாதம் ஆனது. எட்டு மாதமும் திண்டிவனத்துக்குப் பஸ்ஸில்தான் போனேன். நெருக்கியடித்து நின்றுகொண்டு போகிறவளுக்கு, வீட்டில் நிற்கும் இரண்டு மடங்கு சக்தியால் ஒரு பிரயோசனமும் இல்லை. படுக்கையறைக்கு ஏ.சி. வாங்க வைத்திருந்த பணம் போனது. அந்த மே மாதம் மொட்டைமாடியில் ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். அவர் கடையில் விவசாயிகளின் மோட்டார்கள் வரிசையில் காத்திருந்தன. ஒருவர் நேரடியாக வீட்டுக்கே வந்து, "எம்மோட்டார உட்டுட்டு இன்னா சார் காருக்குள்ள பூந்துக்கினு கீறீங்க? பயிரு காயுது" என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை.

இதற்கு நடுவில்தான் அந்தக் கறையைப் பார்த்தேன். இன்ஜினோடு அந்த வண்டியின் டேஷ்போர்டுக்குள்ளிருந்து வந்த வயரிங் கட்டில், கறுப்பு டேப் சுற்றிய இடத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஏதோ காய்ந்து வெடித்திருந்தது. பதினான்கு வருடமாக ரத்தத்தோடு புழங்குகிறவள் நான். காய்ந்த ரத்தம் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆக்சிடெண்ட் வண்டி என்று கடைக்காரர் சொன்னது அதுவரை வெறும் வியாபாரப் பேச்சாக இருந்தது. அந்த நிமிடம் அது ஒரு ஆளாக மாறிவிட்டது.

கணவரிடம் காட்டினேன்.

"மண்ணா கூட இருக்கும்மா. உன் லேப்ல ஒரு சொட்டு கெமிக்கல் ஊத்துனா தெரிஞ்சிடாதா?"

தெரிந்துவிடும். கொஞ்சம் சுரண்டி ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இரண்டு வாரம் அந்த டப்பா என்னோடு பஸ்ஸில் வந்து போனது. தினமும் நாற்பது ஐம்பது பேரின் ரத்தத்தைப் பார்க்கிற என்னால் அதை மட்டும் பார்க்க முடியவில்லை. ரத்தம்தான் என்று தெரிந்தால் அந்தக் காரை ஓட்ட எனக்கு மனம் வராது. இவ்வளவு செலவு செய்த பிறகு ஓட்டாமல் விடவும் மனம் வராது. கடைசியில் டப்பாவைக் குப்பையில் போட்டேன். டேப்பின் மேலே புது டேப் சுற்றினேன்.

ஒன்பதாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கார் ஓடியது. கெடார் சாலையில் ஆள் நடமாட்டம் குறைவு என்று அங்கே கொண்டுபோனோம். மூன்றாவது கியரில் அழுத்தினேன். முதுகை யாரோ பிடித்து சீட்டோடு வைத்துத் தள்ளியதுபோல இருந்தது. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வளைவு திரும்பியதும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொடி ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. பிரேக்கை முழுதாக மிதித்தேன். கார் நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. டிரெய்லருக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் ஆள் குறுக்கே நடந்து போகலாம், அவ்வளவுதான் இடம். இன்ஜினைத்தான் மாற்றியிருந்தோம். பிரேக் பழைய வண்டியின் பிரேக்.

"சூப்பரா இழுக்குது" என்றார் கணவர்.

"ஆமாங்க" என்றேன். திரும்பும்போது மூன்றாவது கியரே போடவில்லை. 

மறுநாள் இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். ஆர்.சி. புத்தகத்தில் புது இன்ஜின் நம்பர் ஏறாமல் வண்டி எங்காவது இடித்தால் ஒரு பைசா வராது, எதிரில் அடிபட்டவருக்கும் நாங்களே கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். காரை ஷெட்டில் விட்டுவிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனோம். இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. நகல், வாங்கிய பில், அந்த உரிமையாளரின் கடிதம் மூன்றும் வேண்டும் என்று ஜன்னலில் இருந்தவர் சொன்னார். இவற்றை முன்னாலேயே கேட்டு, அனுமதி வாங்கிவிட்டுத்தான் இன்ஜினில் கையே வைத்திருக்க வேண்டுமாம். எந்த வீடியோவிலும் இந்தக் காட்சி வரவில்லை.

பழைய வண்டிக் கடைக்காரர் நாலு தடவை அலையவிட்டு ஆர்.சி. நகலைக் கொடுத்தார். அதில் ஒரு ஆண் பெயர். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் பெண்ணையாற்றங்கரையில் ஒரு ஊர். போன் நம்பர் இல்லை.

பைக்கில் போனோம். வழியெல்லாம் கரும்பு.  இறந்தவர் வீட்டு வாசலில் போய் நின்று, உங்கள் வீட்டுக்காரர் இறந்துபோன வண்டியின் இன்ஜினை எங்கள் வண்டியில் மாட்டியிருக்கிறோம், ஒரு கடிதம் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

ஊரில் விசாரித்ததும் ஒருவர் ஓட்டு வீட்டைக் காட்டினார். நாற்பது வயதுப் பெண் ஒருவர் வெளியே வந்தார். நெற்றியில் குங்குமம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இருந்தது. ஆனாலும் வண்டியில் வேறு யார் இருந்தார்களோ?

கணவர் ஆர்.சி. நகலை நீட்டி, "இந்தக் காரு விஷயமா வந்தோம்க்கா" என்றார்.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. உள்ளே பார்த்து, "இந்தா, செத்த இங்க வாயேன், காரு விஷயமாம்" என்று குரல் கொடுத்தார். லுங்கியும் பனியனுமாக ஒருவர் வேகமாக வந்தார். ஆர்.சி.யில் இருந்த பெயர் அவருடையதுதான். என் முன்னால் முழு ஆளாக நின்றார். எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"ஏம்மா, எதாச்சும் ஆக்சிடெண்ட் ஆயிடுச்சா? யாருக்காச்சும் அடியா?"

நான் அவரைக் கேட்க வந்த கேள்வி அது.

"அய்யோ, இல்லீங்கண்ணா. உங்களுக்குத்தான் ஆக்சிடெண்ட்டுன்னு சொன்னாங்க."

"எனக்கா? எனக்கு இன்னாம்மா ஆக்சிடெண்ட்டு?"

 அவர் மனைவிதான் முதலில் சிரித்தார்.

உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். கதை அப்புறம்தான் வெளியே வந்தது. கார் யார்மேலும் மோதவில்லை. ஆற்றில் வெள்ளம் வந்தபோது வீட்டுக்கு வெளியே நின்றிருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் ஏறி சீட்டு வரைக்கும் வந்துவிட்டது. குடும்பம் மொத்தமும் பள்ளிக்கூடத்து மாடியில் இரண்டு நாள் இருந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் வடிந்ததும் காருக்குள் முழங்கை ஆழத்துக்குச் செம்பழுப்பு வண்டல்.

"ஸ்டார்ட் பண்ணிடாதன்னு தம்பி பையன் சொன்னான், நான் சாவியத் தொடவே இல்ல. இன்சூரன்ஸ்காரங்க வந்து இழுத்துக்கினு போனாங்க" என்றார்.

என் கணவர் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அதான்! ஆயில் டீ மாதிரி வந்துச்சு. நான் கேஸ்கெட்டுன்னு நெனச்சி அத வேற மாத்தினேன்."

நான் அந்தக் கறையைப் பற்றிக் கேட்டேன். அவர் எழுந்து போய் வீட்டுச் சுவரின் வெளிப்புறத்தைக் காட்டினார். இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. விரலால் தேய்த்தேன். அதே நிறம், அதே வெடிப்பு. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். மண் வாசனை. எத்தனையோ நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போய்விட்டது. அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு நான் சிரித்ததை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ தெரியவில்லை.

அவர் பயந்ததற்கும் காரணம் இருந்தது. பக்கத்து ஊரில் ஒருவர் விற்ற வண்டியை வேறு யாரோ ஓட்டி ஆளை இடித்துவிட்டார்கள். பெயர் மாற்றாததால் போலீஸ் விற்றவரின் வீட்டுக்கு வந்திருக்கிறது. அன்றிலிருந்து இவருக்கும் தூக்கம் இல்லை. தன் வண்டியின் ஆர்.சி. ரத்தாகிவிட்டதா இல்லையா என்று தெரியாது, யாரைக் கேட்பது என்றும் தெரியாது. வண்டி பிரித்துப் போடப்பட்டது, இன்ஜின் எங்களிடம் இருக்கிறது, இனி அது சாலையில் ஓடவே முடியாது என்று கணவர் விளக்கியதும் அவர் தோள் இரண்டும் தளர்ந்தன.

"ரெண்டு வருசமா இந்தப் பேஜாரு மனசுல கெடந்துது தம்பி."

கடிதம் உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆர்.சி.யை ரத்து செய்ய எங்கே போய் எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொடுத்தோம். ஆர்.டி.ஓ. அலைச்சலில் அது ஒன்று எங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கிளம்பும்போது அவர் மனைவி பிரிட்ஜின் மேலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"இது அந்தக் காரோட ரெண்டாஞ் சாவி. உங்களுக்கு ஒதவுமா பாருங்க."

பதினெட்டாயிரம் ரூபாய் என் கையில் ஜில்லென்று இருந்தது. கணவர் என்னைப் பார்க்காமல் பைக்கை உதைத்தார்.

தாள்களோடு காரையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்டிப்போனோம். அதிகாரி பானட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். குனிந்து சக்கரத்துக்குள்ளும் பார்த்தார்.

"வேலை சுத்தமா பண்ணியிருக்கீங்க. நீங்களேவா?"

"ஆமாங்க சார்."

"ஆனா இந்த பாடிக்கு இந்த இன்ஜின கம்பெனி குடுத்ததே இல்லம்மா. பிரேக், சஸ்பென்ஷன் எதுவும் இதுக்கு ஏத்தது இல்ல. நான் கையெழுத்துப் போட முடியாது. பழைய இன்ஜின் எங்க?"

"வீட்ல இருக்குது சார்."

"அதையே சரி பண்ணி மாட்டிக்கினு ஓட்டுங்க."

வெளியே வந்தோம். எதிரில் கரும்புச்சாறு வண்டி. இரண்டு டம்ளர் வாங்கினோம். எட்டு மாதம், ஏ.சி. பணம், மொட்டைமாடி, பஸ் எல்லாம் ஒரே வரியில் முடிந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"அன்னிக்குக் கெடார் ரோட்ல எனக்கு உசுரே போயிடுச்சு. இதுல தெனம் திண்டிவனம் போகணுமேன்னு அன்னிலேர்ந்து பயந்துக்கினே இருந்தேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீ ஆசப்பட்டியேன்னு நான் வாயத் தொறக்கல. நீ பிரேக் அடிச்சப்ப நானும் இந்தப் பக்கம் கால ஊனி அடிச்சேன், பாத்தியா? கீழ மேட்டே கிழிஞ்சிடுச்சு."

அந்த இடத்திலேயே இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தோம். கரும்புச்சாறுக்காரர் இன்னும் கொஞ்சம் ஊற்றவா என்று கேட்டார்.

இன்ஜினைச் சென்னைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். பொதுச் சாலையில் இல்லாமல், பந்தயத்துக்கென்றே இருக்கிற மைதானத்தில் கார் ஓட்டுகிறவர். வெள்ளத்தில் நின்றது, கேஸ்கெட் மாற்றியது எல்லாவற்றையும் சொல்லி, இரண்டாம் சாவியையும் கொடுத்தோம். முப்பத்தெட்டாயிரம் கொடுத்தார். பழைய இன்ஜினின் ஹெட்டை மட்டும் புதுச்சேரி லேத்தில் கொடுத்துப் புது வால்வு போட்டு, பெல்ட் மாற்றி, நாங்களே ஏற்றினோம். முப்பதாயிரத்துக்குள் முடிந்தது. இந்த முறை உண்மையிலேயே இரண்டு ஞாயிறுதான். ஒன்றும் தெரியாமல் தொடங்கியவர்கள், எட்டு மாதத்தில் கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்தோம். வந்ததைக் கழித்துப் பார்த்தால் மொத்தம் ஒரு லட்சத்து எழுபதாயிரம் போயிருந்தது. சர்வீஸ் சென்டர் கேட்டது எண்பத்திரண்டாயிரம். இதை நான் எங்கும் மறைத்துப் பேசுவதில்லை. எங்கள் லேபில் ஒரு பையன் பைக்குக்குப் பெரிய இன்ஜின் போடப்போவதாகச் சொன்னபோது இந்தத் தொகையைத்தான் முதலில் சொன்னேன்.

கார் சரியானதும் இன்சூரன்ஸ் ஏஜெண்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப்பார்த்துவிட்டு, "இனிமே கவலப்படாம ஓட்டுங்க மேடம்" என்றார். இப்படி ஒரு சாதாரண வாக்கியம் காதுக்கு அவ்வளவு இதமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த வாரம் ஒரு நாள் கணவருக்குத் திண்டிவனத்தில் மோட்டார் வேலை இருந்தது. சாயங்காலம் இருவரும் ஒன்றாகத் திரும்பினோம். எப்போதும் நான்தான் ஓட்டுவேன், யாரிடமும் ஸ்டீரிங்கைத் தர மாட்டேன். அன்று சாவியை அவரிடம் நீட்டினேன். அவர் ஆச்சரியத்தோடு வாங்கிக்கொண்டார். எண்பதுக்கு மேல் போகாமல் இடது ஓரமாகவே ஓட்டினார். லாரிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. நான் சீட்டைப் பின்னால் சாய்த்தேன். விக்கிரவாண்டி டோல்கேட் வந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு, வீட்டு வாசலில் அவர் என் தோளைத் தொட்டு எழுப்பும்வரை தூங்கினேன்.